குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள: வீடா, மருத்துவமனையா, மறுவாழ்வு இல்லமா?

"இனிமே தொடமாட்டேன், எங்கேயாவது சேர்த்துவிடுங்க" என்று வீட்டில் ஒருவர் ஒருவழியாக வாய்விட்டுச் சொன்னதும், அரை மணி நேரத்தில் குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். அம்மா, "வெளியே தெரிஞ்சா அவமானம், வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கலாம்" என்பார். அக்கா, சிங்கப்பூரின் மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்துக்குப் போகச் சொல்வார். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் ஏதோ ஓர் இல்லத்தில் ஒன்றரை ஆண்டு இருந்து திருந்தி வந்திருப்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குப் பொருந்தும்.

குடும்பங்கள் பெரும்பாலும் ஓர் இடத்தை அங்கே சேர்க்கும் நாளை வைத்தே எடைபோடுகின்றன: படுக்கை காலியா, கட்டணம் எவ்வளவு, நாளைக்கே எடுத்துக்கொள்வார்களா? அங்கிருந்து வெளியே வரும் நாளை வைத்து எடைபோட்டால் முடிவு பல நேரம் மாறிவிடும். அன்றிரவு அவர் எங்கே தூங்குவார், யாருக்குக் கணக்குச் சொல்வார், சறுக்கினால் முதலில் யாரை அழைப்பார்? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளோடு சேர்த்துப் படியுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

பழக்கம் எதில்? எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி இதுதான். மருத்துவமும் சட்டமும் இங்கேயே இரண்டாகப் பிரிகின்றன.

நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். முதல் நாள் சமாளித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று குடும்பம் மூச்சுவிடும் நேரத்தில்தான் இது வரும். வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995.

எவ்வளவு குடித்தால் 'அதிகம்'? கணக்கு எளிது: மில்லிலிட்டரை மதுவின் சதவீதத்தால் பெருக்கி 0.79ஆல் பெருக்கினால் சுத்த மதுவின் கிராம் கிடைக்கும். 640 மில்லி, 5 விழுக்காடு பியர் ஒரு போத்தலில் ஏறக்குறைய 25 கிராம். 700 மில்லி, 40 விழுக்காடு விஸ்கியில் 220 கிராம். பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல் நாளொன்றுக்கு 120 கிராமைத் தாண்டியவர் மருத்துவ உதவியோடு நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. 240 கிராமைத் தாண்டினாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ வார்டில் வைத்து நிறுத்துவதே முறை. அதாவது காப்பிக்கடையில் தினமும் ஐந்து பெரிய போத்தல் பியர் குடிப்பவர் முதல் கோட்டைத் தொட்டுவிட்டார். "பியர்தானே, சரக்கு இல்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஹெராயினை நிறுத்தும்போது ஐந்தாறு நாள் உடம்பை முறுக்கும், வயிறு போகும். அதனால் உயிர் போவது அரிது. ஆபத்து அதற்குப் பிறகு இருக்கிறது. சில வாரம் தொடாமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. விட்ட இடத்திலிருந்து அதே அளவில் தொடங்குபவர்கள்தான் இறந்துபோகிறார்கள். 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்பெட்டமைனை நிறுத்துபவர் முதல் சில நாள் தூங்கியே கழிப்பார். பிறகு எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு வாரக்கணக்கில் நீளும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அந்த வாரங்களில் நேரடியாகவே கேட்க வேண்டும்.

சட்டம்: மது குடிப்பது குற்றமல்ல. போதைப்பொருள் புழங்குவது குற்றம். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் புழங்கினாலும் இங்கே குற்றம்தான். பலருக்குத் தெரியாத ஒரு விதியும் உண்டு. தம்மிடம் வந்தவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒரு மருத்துவர் கருதினாலோ நியாயமாகச் சந்தேகித்தாலோ, 7 நாளுக்குள் அவருடைய விவரங்களைச் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவித்தாக வேண்டும். மதுவுக்கு இது பொருந்தாது. இதைச் சொல்வது யாரையும் மருத்துவரிடம் போகாமல் தடுக்க அல்ல. அறைக்குள் நுழைந்த பிறகு தெரிந்து, பாதி உண்மையை மறைத்து, தவறான சிகிச்சை பெறுவதைவிட முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையில் ஒரு மாலை செலவழிக்கலாம். மருத்துவரல்லாத ஆலோசகரிடம் பேசப்போனால், "நான் சொல்வது எதுவரை உங்களோடு இருக்கும்?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இளையர்களிடம் பரவிய, போதைப்பொருள் கலந்த மின்சிகரெட்டான 'கேபாட்' தனிக் கதை. அதிலுள்ள எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 2025 செப்டம்பர் 1 அன்று சி பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. மின்சிகரெட்டைக் கைவிட உதவி தேடித் தாமாக முன்வருபவருக்குத் தண்டனையில்லா வழி இருக்கிறது. பிடிபடும் வரை காத்திருக்காதீர்கள்.

முடிவு யார் கையில்? தாமாக வருபவருக்குத் தெரிவுகள் உண்டு. கைதானவருக்குச் சிறைத்துறையும் ஒழிப்புப் பிரிவும்தான் முடிவெடுக்கும்.

செலவு. கட்டணத்தோடு, வராத சம்பளத்தையும் நின்றுபோகும் மத்திய சேமநிதி சந்தாவையும் வீட்டுக் கடன் தவணையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேலை அனுமதியில் இருப்பவருக்கு மருத்துவ மானியம் கிடையாது.

மொழியும் சமயமும். ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர்கூட வெட்கத்தையும் கோபத்தையும் தாய்மொழியில்தான் சொல்வார். குழு அமர்வில் வாயே திறக்காமல் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பது சிகிச்சையாகாது.

சறுக்கினால் என்ன ஆகும்? சில இடங்களில் அன்றே வெளியேற்றுவார்கள். சில இடங்களில் எழுத்துபூர்வ எச்சரிக்கை தருவார்கள். சட்டப் பாதையில் இருப்பவர் மீண்டும் உள்ளே போக நேரிடும்.

| வழி | காலம் | எளிதில் தெரியாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| வீட்டிலிருந்து வெளிநோயாளி | பல மாதம் | பராமரிப்பவரின் தூக்கமும் விடுப்பும் | மிதமான குடி, குடிக்காத வீடு |
| மனநலக் கழக வார்டு | ஒன்றிரண்டு வாரம் | 'குணமாகிவிட்டது' என்ற மயக்கம் | வலிப்பு ஆபத்து, மனநோயும் சேர்ந்திருப்பவர் |
| தாமாகச் சேரும் இல்லம் | ஓராண்டு அல்லது கூடுதல் | வருமானம் முழுதும் நிற்பது | வீடே தூண்டுதலாக இருப்பவர் |
| சட்டப் பாதையும் இடைக்கால இல்லமும் | ஆண்டுக்கணக்கு | பரிசோதனை நாளோடு மோதும் வேலை | தெரிவு குடும்பத்திடம் இல்லை |
| தனியார், தமிழ்நாடு, தாய்லாந்து | ஒரு மாதம் போல | திரும்பியபின் தொடர்ச்சி இல்லாமை | பணமும் ஊர் திரும்பியபின் திட்டமும் உள்ளவர் |
| மதுவில்லா வாடகை வீடு | 6 மாதம் முதல் | முன்பணமும் ஒப்பந்தப் பொறுப்பும் | ஏற்கெனவே நிறுத்தியவர் |

## வீட்டில் இருந்தபடியே

புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தின் தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவையை 6732 6837 என்ற எண்ணில் நேரடியாகவே அழைக்கலாம். மது, போதைப்பொருள், சூதாட்டம் மூன்றுக்கும் அதுவே எண். சலுகைக் கட்டணத்துக்குப் பலதுறை மருந்தகப் பரிந்துரை வேண்டுமா என்பதை அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு ரசீதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கெம்பாங்கான் பக்கம் வீ கேர் சமூகச் சேவைகள் இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் இருக்கும் அந்த ஆபத்தான நேரத்தைக் கழிக்க அதுபோன்ற இடம் உதவும். குடியையும் போதையையும் விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமே இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதுதான் நம்மவர் பலருக்குத் தடை. முதல் தடவை ஆங்கிலம் பேசும் தம்பியோ நண்பரோ உடன் போனால் தயக்கம் குறையும்.

குடிக்கு மருத்துவர் நால்ட்ரெக்சோன் எழுதித் தரலாம். பொதுவாக நாளுக்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஈரல் எப்படி இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்குவார்கள். ஹெராயின் போன்றவற்றைக் கடைசியாக எடுத்து 7 முதல் 10 நாள் ஆகாதவருக்கு இதைக் கொடுத்தால் உடம்பு முறுக்கல் ஒரேயடியாகத் தாக்கும். இருமல் மருந்திலுள்ள கோடீனும் அந்தக் கணக்கில் சேரும். மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் பாதி அட்டை மீதமிருக்கும். காலைக் காப்பியோடு யாராவது முன்னால் நின்று கொடுப்பதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது அலமாரியில் இருக்கும் விஸ்கி மட்டுமல்ல. மதுகலந்த வாய்கொப்பளிப்பான், கைச்சுத்திகரிப்பு திரவம், இருமல் மருந்து, பாட்டியின் தூக்க மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். சம்பள நாள் தனி ஆபத்து. வங்கிச் செயலியில் நாளொன்றுக்கான பணமாற்று வரம்பைக் குறைத்து, சம்பளம் விழும் அன்றே வாடகையும் தவணையும் தானாகக் கழியும்படி செய்துவிட்டால், மாலையில் கையில் மிஞ்சுவது பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் இருக்கும். இதை அவருடைய சம்மதத்தோடு, எழுதி வைத்துச் செய்யுங்கள். திருட்டுத்தனமாகச் செய்தால் அதுவே அடுத்த சண்டை, சண்டையே அடுத்த போத்தல்.

இந்த வழி எப்போது சரி? வலிப்பு வந்ததில்லை, அளவு 120 கிராமுக்குக் கீழே, வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை, பகலில் ஒருவராவது உடன் இருக்க முடியும். இவற்றில் ஒன்று பொய்யானால்கூட வேறு வழி பாருங்கள். அடிதடி நடக்கும் வீட்டில், பிள்ளைகள் அறைக்குள் பூட்டிக்கொள்ளும் வீட்டில், 'அன்பால் திருத்துவது' என்ற பேச்சுக்கு இடமில்லை. 1800 777 0000 என்ற வன்முறைத் தடுப்பு எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போனால், ஆலோசனைக்குப் போகும்படி அவருக்கு உத்தரவிடவும் நீதிமன்றத்தால் முடியும்.

## மனநலக் கழக வார்டு

வார்டில் நடப்பது நச்சு நீக்கம். மதுவென்றால் டயஸிபாம் போன்ற மருந்தை முதலில் போதுமான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1 கொடுப்பார்கள். நெடுங்காலம் குடித்தவருக்கு அது வெகுவாகக் குறைந்திருக்கும், கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். போதைப்பொருள் பாவனையோடு காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது இருந்தால் வேறெங்கும் அலையாமல் நேரே இங்கேதான் வர வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், பத்தாவது நாள் அவர் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, முகம் தெளிந்து நிற்பார். குடும்பம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தக் கிளம்பிவிடும். உண்மையில் உடம்பு மட்டுமே அப்போது சுத்தமாகியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் தேதி தெரிந்த உடனே இரண்டு விஷயங்களை வார்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்: முதல் வாரத்துக்குள் வெளிநோயாளிச் சந்திப்பு, அடுத்து அவர் தங்கப்போகும் இடம். மறுவாழ்வு இல்லம்தான் முடிவென்றால் வார்டிலிருந்து நேராக அங்கே போக வேண்டும். "ரெண்டு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்ற அந்த இரண்டு நாளில்தான் பல திட்டங்கள் கவிழ்கின்றன.

பண விஷயத்தில் ஒரு பழைய தகவல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குடி, போதைப்பழக்கச் சிகிச்சை தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் விலக்கப்பட்டிருந்தது. 2021இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதியின் கூடுதல் பகுதி வேறு விதி வைத்திருக்கலாம், முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டவே முடியாத சிங்கப்பூரர் வார்டின் மருத்துவ சமூக சேவையாளரிடம் அரசின் மருத்துவ உதவி நிதியான மெடிஃபண்ட் பற்றிப் பேச வேண்டும், அதுவும் வீடு திரும்பும் நாளுக்கு முன்பே.

## தாமாகச் சேரும் மறுவாழ்வு இல்லங்கள்

தி ஹைடிங் பிளேஸ், பிரேக்த்ரூ மிஷன்ஸ், தி ஹெல்பிங் ஹேண்ட், ஹைபாயிண்ட், டீன் சேலஞ்ச் ஆகியவை பல்லாண்டுகளாக நடக்கின்றன. எல்லாம் கிறிஸ்துவ இல்லங்கள். இந்துக் குடும்பங்கள் இங்கேதான் தயங்கி நிற்கும். மழுப்பாமல் சொல்வதென்றால், காலை ஜெபமும் வேதபாடமும் அங்கே அன்றாட அட்டவணையின் முதுகெலும்பு. அதைத் தவிர்த்துவிட்டுப் படுக்கையை மட்டும் கேட்க முடியாது. மகன் மதம் மாறிவிடுவானோ என்ற பயம் இருந்தால் அதைச் சேர்க்கும் முன்பே அவனோடும் இல்லத்தாரோடும் பேசிவிடுங்கள். மூன்றாம் மாதம் போய்ச் சண்டை போட்டு அழைத்து வருவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

இவற்றின் பலம் காலமும் கட்டுப்பாடும். வீட்டுக்குக் கீழேயே கூட்டாளிகள் உட்கார்ந்திருக்கும் புளோக்கில் வசிப்பவருக்கு, ஓராண்டு அந்த லிஃப்டில் இறங்காமல் இருப்பதே பாதி மருந்து. தொடக்கத்தில் கைப்பேசி இருக்காது, வெளியே போக முடியாது. பகலில் வேலை இருக்கும். தி ஹெல்பிங் ஹேண்டில் வீடு மாற்றும் சேவையும் மரச்சாமான் வியாபாரமும் நடப்பது பலருக்குத் தெரியும். நேரத்துக்கு எழுந்து, கூட்டாகப் பாரம் தூக்கி, களைத்துத் தூங்குவதில் ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆனால் குடும்பம் அந்த உழைப்புக்கு மாதச் சம்பளம் வரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கைச்செலவுக்கு என்ன தருவார்கள், சேமநிதி உண்டா என்று முன்பே கேளுங்கள். வீட்டுக் கடனும் கடன் முதலையும் அந்த ஓராண்டு காத்திருக்க மாட்டார்கள். கடன் தவணையைத் தள்ளிவைப்பது பற்றிச் சேரும் முன்பே வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவுடனோ வங்கியுடனோ பேசிவிட வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை அணுகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில இல்லங்களில் மருந்தே இல்லாமல் பிரார்த்தனையோடு நிறுத்துவது பழைய வழக்கம். ஹெராயின்காரர் அதைத் தாங்கிவிடலாம். தினம் ஒரு போத்தல் விஸ்கி குடித்தவர் அப்படி நிறுத்தக் கூடாது. அவர் முதலில் வார்டு, பிறகு இல்லம்.

நேரில் போகும்போது வரவேற்பறையில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இரவு யார் பொறுப்பில் இருக்கிறார், அவருக்கு மருத்துவ அவசரத்தில் என்ன செய்யத் தெரியும்? நீரிழிவு, இரத்த அழுத்தம், மனச்சோர்வு மாத்திரைகளை யார் வைத்துக் கொடுக்கிறார், பதிவேடு உண்டா? 'மாத்திரையும் போதைதான்' என்று மனநல மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமென்றால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடலாம். சிறுநீர்ப் பரிசோதனை வாரத்துக்கு எத்தனை, முன்னறிவிப்போடா திடீரென்றா, கோப்பையை நிரப்பும்போது யாராவது பக்கத்தில் நிற்பார்களா? முன்கூட்டியே நாள் தெரிந்த பரிசோதனையால் பயனில்லை, 'ஐஸ்' சில நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். சறுக்கியவரை அன்றிரவே தெருவில் விடுவார்களா, குடும்பத்தை அழைப்பார்களா? கடைசியாக, முடித்து வெளியே போனவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பி வருகிறார்களா? பழைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் இல்லம் நல்ல இல்லம்.

பெண்களுக்கான படுக்கைகள் மிகக் குறைவு. பிள்ளைகளோடு சேர்ந்து தங்க இடம் கிடைப்பது அதைவிடக் கடினம். அதனால் பெண்களுக்கு முதல் இரண்டு வழிகளே நடைமுறையில் கைகொடுக்கின்றன, வீட்டில் கணவர் குடிப்பவராக இருந்தாலும்கூட. இது நம் சமூகத்தில் யாரும் உரக்கப் பேசாத இடைவெளி.

## சட்டப் பாதையும் இடைக்கால இல்லமும்

போதைப்பொருள் புழங்கிப் பிடிபட்டவரைப் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புவார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கே அதிகபட்சம் 4 ஆண்டு வைத்திருக்கலாம். வெளியே வந்தபின் 5 ஆண்டு வரை கண்காணிப்பு. நிலையத்தில் இருக்க வேண்டிய காலத்தின் பிற்பகுதியைச் சமூகத்தில் கழிக்க அனுமதி கிடைக்கும்போதுதான் இடைக்கால இல்லங்கள் வருகின்றன: இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆஷ்ரம், முஸ்லிம் அமைப்புகளின் பெர்த்தாப்பிஸ், ஜாமியா, மேலே சொன்ன கிறிஸ்துவ இல்லங்களில் சில, சிறைத்துறை நடத்தும் சிலாராங். பகலில் வேலைக்குப் போய் இரவு இல்லத்துக்குத் திரும்ப வேண்டும்.

யாரை எங்கே அனுப்புவது என்று சிறைத்துறைதான் முடிவெடுக்கும். ஆனாலும் குடும்பத்திடம் ஒரு பெரிய கேள்வி வரும்: வீட்டுக் கண்காணிப்பில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா? பாசத்தில் எல்லோரும் உடனே தலையாட்டிவிடுவார்கள். வீட்டில் தம்பி இன்னும் புழங்குகிறான், அல்லது பழைய கூட்டாளி எதிர்ப் புளோக்கில் இருக்கிறான் என்றால், "இப்போது வேண்டாம், இல்லத்துக்கே அனுப்புங்கள்" என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி. ஆறு மாதம் தள்ளி வீட்டுக்கு வந்தாலும் நிலைத்து இருப்பார். தமிழ் பேசும், விளக்கேற்றிக் கும்பிட இடமுள்ள சூழல் தேவைப்படுபவருக்கு ஆஷ்ரம் பொருந்தும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று உறுதியில்லை, ஆனால் அதிகாரியிடம் கேட்பதில் தவறில்லை.

கண்காணிப்புக் காலத்தில் சிறுநீர் அல்லது தலைமுடிப் பரிசோதனை உண்டு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் சில மாதத்துப் பழக்கத்தையும் அது காட்டிக்கொடுக்கும். பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது தனிக்குற்றம். எதுவும் புழங்காமலேயே மறுபடி சிக்குபவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள்: ஷிஃப்ட் மாறியது, மேற்பார்வையாளர் விடவில்லை, அப்புறம் போகலாம் என்று விட்டுவிட்டார். வேலை தேடும்போதே பரிசோதனை நாளுக்கு நேரம் தருவார்களா என்று பார்க்க வேண்டும். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் மஞ்சள் நாடா அமைப்பு வழியாகத் தேடினால் முதலாளிக்குப் பின்னணி ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஒளித்து மறைத்துப் போக வேண்டியதில்லை. பழைய ஆட்களின் ஆதரவுக் குழுவுக்கு சானா என்ற போதைப்பொருள் ஒழிப்புச் சங்கம் இருக்கிறது. 1972இலிருந்து இயங்குகிறது, 6732 1122.

## தனியார் மையம், தாய்லாந்து, தமிழ்நாடு

பணம் இருந்தால் இங்கேயே தனியார் மனநல மருந்தகங்களில் விரைவாகச் சந்திப்பு கிடைக்கும். சியாங் மாய் பக்கம் தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களுக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் செல்லாது. கடற்கரையும் மலையும் மனத்துக்கு இதம்தான். ஆனால் நான்கு வாரம் கழித்துச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது வரியில்லாக் கடைதான் முதலில் கண்ணில் படும். திரும்பும் தேதிக்கு மறுநாளே இங்கே ஆலோசகர் சந்திப்பு பதிவாகியிருந்தால் மட்டும் போகலாம்.

தமிழ்நாட்டு வழியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சென்னையில் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடி, போதைச் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. ஆலோசனை முழுதும் தமிழில் நடக்கும், குடும்பத்தாருக்கும் தனி அமர்வுகள் உண்டு. வேலை அனுமதியில் இங்கிருக்கும் தொழிலாளிக்கு இதுவே கட்டுப்படியாகும் வழி. ஆனால் ஊரில் போதை மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் மருத்துவமனை அல்ல. கட்டிப்போடுவது, அடிப்பது, உறவினரைப் பார்க்க விடாதது நடக்கும் இடங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருவது சிகிச்சையே அல்ல. அங்கே டாஸ்மாக் நடக்கும் தூரத்தில்தான் இருக்கும்.

## நண்பர்களாகச் சேர்ந்து மதுவில்லா வாடகை வீடு

அமெரிக்காவில் 1975இல் மேரிலாந்தில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் முறையில் மேலாளரே கிடையாது. வசிப்பவர்களே வாக்களித்து வீட்டை நடத்துவார்கள், வாடகையைப் பங்கிடுவார்கள், புழங்கியவர் உடனே வெளியேற வேண்டும். இல்லினாயில் 150 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வில், ஈராண்டு முடிவில் அந்த வீடுகளுக்குப் போனவர்களில் 31 விழுக்காட்டினரும் வழக்கமான பராமரிப்புக்குப் போனவர்களில் 65 விழுக்காட்டினரும் மீண்டும் புழங்கியிருந்தார்கள். இவ்வளவு மலிவான ஏற்பாட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

சிங்கப்பூரில் இதைச் செய்யத் தடையில்லை, வாடகை விதிகளுக்குள் செய்ய வேண்டும். வீவக வீட்டுக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம், தனியார் வீட்டுக்கு 3 மாதம். உறவினரல்லாதோர் 6 பேர் வரை தங்கலாம். 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகத் தளர்வாக, நான்கறை வீட்டிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் 8 பேர் வரை அனுமதி. ஆனால் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஒரு குளியலறைக்கு நாலு பேர் என்பதே போதுமான சண்டை.

கவிழ்வது இப்படி: ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும், அவரே சறுக்குவார். யார் அவரை வெளியேற்றுவது? ஆகவே இரண்டு பேராவது கையெழுத்திட வேண்டும். ஒரு மாத வாடகைக்குச் சமமான பொதுப்பணம் தனியாக இருக்க வேண்டும், ஒருவர் போனதும் மற்றவர்கள் வாடகையில் திணறாமல் இருக்க. சறுக்கியவர் அன்றிரவு எங்கே போவார் என்பதை ஒவ்வொருவரும் குடிவரும் நாளிலேயே எழுதித் தர வேண்டும். இரவு 10.30க்கு மேல் கடைகளில் மது விற்பனை இல்லை என்பதால் ஆபத்து நேரம் அதற்கு முந்தைய இரண்டு மணி. வாரக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் முறையாக நிறுத்துபவருக்கு இந்த வீடு ஏற்றதல்ல. வார்டையோ இல்லத்தையோ முடித்து, கையில் வேலையும் இருப்பவருக்கு இதைவிட நல்ல அடுத்த படி குறைவு.

## அவர் எதற்குமே சம்மதிக்காவிட்டால்

வயதுவந்த ஒருவரைக் குடிக்காக மட்டும் கட்டாயமாகச் சேர்க்கும் அதிகாரம் குடும்பத்துக்கு இல்லை. மனநோயும் சேர்ந்து, தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக நடந்தால்தான் மனநலச் சட்டத்தின்கீழ் வார்டில் வைக்கலாம். அந்த நேரத்தில் 6389 2222 என்ற மனநலக் கழக எண் 24 மணி நேரமும் கிடைக்கும். அதுவரை குடும்பம் செய்யக்கூடியது, குடிப்பவரின் கடனை அடைப்பதையும், முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வதையும் நிறுத்துவது. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

சம்மதிக்கும் மனநிலை பெரும்பாலும் ஏதாவது ஒரு சம்பவத்துக்கு மறுநாள் காலையில் வரும், மதியத்துக்குள் போய்விடும். ஆகவே பையைத் தயாராக வைத்திருங்கள்: அடையாள அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பெயர்ப்பட்டியல், பலதுறை மருந்தகக் கடிதம், இரண்டு செட் உடை. ஒரு தாளில் கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு எடுத்தார் என்று எழுதி மேலே வையுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதோடு, நீங்கள் எண்ணிய காலிப் போத்தல்களின் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் டோஸ் மருந்தின் அளவை மருத்துவர் முடிவுசெய்ய அது உதவும்.